ஏழாம் அத்தியாயம்: கைக்கும் வாய்க்கும் நடுவே

'லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்.' இந்த நூலில் வரும் தொடர்களிலேயே நம் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுவது இதில்தான். ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் என்னிடம் மாலை வகுப்புக்கு வந்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி, இதற்குப் பக்கத்தில் பென்சிலால் 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்று பொருள் எழுதி வைத்திருந்தாள். தவறு என்றேன். "கை இருக்கு, வாய் இருக்கு, நடுவுல கஷ்டமும் இருக்கு. அப்புறம் என்ன சார் தப்பு?" என்றாள். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அவளுடைய அப்பா வந்து மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் வந்தது.

நம் பழமொழியில் கைக்கு வந்துவிட்டது, வாய்க்குப் போகவில்லை. அது ஏமாற்றத்தைச் சொல்லும் பேச்சு. வேலை நியமனக் கடிதம் வந்தது, போய்ச் சேருவதற்குள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்றால் அந்தப் பழமொழி பொருந்தும். அதற்கு ஆங்கிலத்தில் கோப்பைக்கும் உதட்டுக்கும் இடையில் எத்தனையோ நழுவல் உண்டு என்று வேறொரு தொடர் இருக்கிறது. ஹேண்ட் டு மவுத்தில் நழுவலே கிடையாது. கைக்கு வந்தது ஒழுங்காக வாய்க்குப் போய்விடுகிறது. நேராக, உடனே, மிச்சம் மீதி இல்லாமல். சிக்கலே அதில்தான். பெட்டிக்குப் போகவில்லை, பேங்குக்குப் போகவில்லை, நாளைக்கென்று ஒரு பிடி அரிசிகூட ஒதுங்கவில்லை.

ஆங்கிலத்தில் இது பழைய பேச்சு. 1500களிலேயே எழுத்தில் புழங்கியது. தமிழில் இதற்குச் சரியான இணை பழமொழியாக இல்லை, ஒற்றைச் சொல்லாக இருக்கிறது: அன்றாடங்காய்ச்சி. அன்றைக்குக் கிடைத்ததை அன்றைக்கே காய்ச்சிக் குடிப்பவர். மலாயில் இதைவிட அழகாகச் சொல்வார்கள்: 'கைஸ் பாகி, மாக்கான் பாகி, கைஸ் பெத்தாங், மாக்கான் பெத்தாங்'. கைஸ் என்றால் கோழி காலால் மண்ணைக் கிளறுவது. காலையில் கிளறினால் காலைக்குத் தீனி, மாலையில் கிளறினால் மாலைக்கு. ஆங்கிலம் கையையும் வாயையும் காட்டுகிறது, தமிழ் கஞ்சிச் சட்டியைக் காட்டுகிறது, மலாய் கோழியைக் காட்டுகிறது. மூன்றுமே எவ்வளவு கிடைக்கிறது என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கிடைத்தது எத்தனை நேரம் தங்குகிறது என்றுதான் சொல்கின்றன. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் தொடர் பாதி கைவசமாகிவிடும்.

மழையும் 555 புத்தகமும்

பொருள் மனத்தில் தங்க வேண்டுமானால் கூலாயின் பழைய வாழ்க்கையைப் பாருங்கள். இப்போது வீட்டுமனைகளும் தொழிற்சாலைகளும் செனாய் விமான நிலையமும் இருக்கும் இந்த வட்டாரம் ஒரு காலத்தில் பால்மரக் காடு. பிறகு செம்பனைக் காடு. தமிழ்ப் பள்ளிகளின் பெயரில் இன்னும் 'தோட்டம்' ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அதன்பின் மரம் வெட்டு. மழை பெய்தால் வேலை இல்லை. பட்டை நனைந்திருக்கும்போது வெட்டினால் பால் கோட்டில் ஓடிக் கிண்ணத்துக்கு வராமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். நாள் கூலிக்காரருக்கு வேலை இல்லையென்றால் காசும் இல்லை. நவம்பர் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை. வானத்தைப் பார்த்து உலை வைத்த குடும்பங்கள் அவை. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், மாதச் சம்பளம் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டதன் உள்ளர்த்தம் இதுதான். கூலி உயர்வு வேறு, மாதச் சம்பளம் வேறு. ஒன்று கையை நிறைக்கும். மற்றது கைக்கும் வாய்க்கும் நடுவே முப்பது நாள் இடைவெளியை உண்டாக்கும்.

இடைவெளி இல்லாதவர்களுக்கு அதைக் கடன் கொடுத்தது மளிகைக்கடை. உள்ளங்கையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் 555 என்ற எண். மலேசியாவில் ஒரு தலைமுறைக்கே அந்தப் புத்தகம்தான் வங்கி. அரிசி, மண்ணெண்ணெய், நெத்திலி, பால்டின் என்று தவுக்கே எழுதுவார். சம்பளம் போட்டதும் கணக்குத் தீரும், மறுநாளே புதுப்பக்கம் தொடங்கும். ஆங்கிலக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: ஹேண்ட் டு மவுத் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்த வரியில் இப்படி ஒரு பொருளைக் காட்டுங்கள். தாத்தாவின் 555 புத்தகம், காலியான மில்லோ டின், சம்பளத்துக்கு முந்தின வாரம் அடகுக்கடைக்குப் போய்வரும் தோடு. மரபுத்தொடர் தனியாக நின்றால் மனப்பாடம் செய்து ஒட்டியது பளிச்சென்று தெரியும். திருத்துகிறவர் ஒரே நாளில் அதே தொடரை நாற்பது தாளில் பார்த்திருப்பார்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

பலரும் நினைப்பதுபோல இது பரம ஏழைக்கான தொடர் இல்லை. என் மாணவியின் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்தார். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டாரை எடுத்தால் முப்பது கிலோமீட்டர் ஓட்டி ஜொகூர் பாரு, பிறகு பாலத்தில் வரிசை, அதன்பின் வேலையிடம். கையில் வாங்குவது சிங்கப்பூர் வெள்ளி. மாற்றினால் மூன்று மடங்குக்கு மேல். அக்கம்பக்கத்தில் அவரை வசதியானவர் என்பார்கள். வீட்டுக்கடன், கார்க்கடன், ஊரில் அம்மாவின் மருந்து, மூன்று பிள்ளைகள். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் அந்த வீட்டில் எல்லாரும் நாளை எண்ணுவார்கள். ஒரு மாதம் விபத்தில் கால் முறிந்தால் எல்லாம் நின்றுபோகும். அவர் ஏழை இல்லை. ஆனால் வாழ்வது ஹேண்ட் டு மவுத். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

வறுமைக்கோடு வேறு ஜாதி அளவுகோல். அது தொகையை அளக்கிறது. மலேசியாவில் 2016 கணக்குப்படி ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்று இருந்த கோடு, 2020இல் வெளியான புதிய கணக்கீட்டில் 2,208 வெள்ளி ஆனது. முதல் நாள் வரை ஏழையாக இல்லாத எத்தனையோ குடும்பங்கள் மறுநாள் ஏழையாயின. அடுப்பில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. குறைந்தபட்சச் சம்பளமும் 2013இல் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி என்று தொடங்கி 2025 பிப்ரவரியில் 1,700க்கு வந்திருக்கிறது. இந்த எண்களை வைத்து ஒருவர் ஹேண்ட் டு மவுத்தில் வாழ்கிறாரா என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு வேலை நின்றால் எத்தனை நாள் தாங்கும்?

அதனால், சாப்பாட்டுக்கே வழியில்லாதவரைப் பற்றி எழுதும்போது இந்தத் தொடரைப் போடாதீர்கள். அது அவருடைய நிலையைக் குறைத்துச் சொல்வதாகிவிடும். ஹேண்ட் டு மவுத்தில் வாழ்பவருக்கு இன்றைய சாப்பாடு உண்டு. இன்றைக்கே இல்லாதவருக்குத் தமிழில் 'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்போம். மலாய்க்காரர்கள் அடுப்பங்கரையில் புகை எழவில்லை என்பார்கள். நம் ஆட்கள் இதை இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிப் பழகியவர்கள். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் போய் நிற்கும்போது தன் வீட்டு அடுப்பில் காளான் முளைத்துவிட்டது என்றுதான் முறையிடுகிறார். பூனை தூங்க ஒரு இரவு போதும். காளான் முளைக்க எத்தனை நாள் நெருப்பில்லாமல் ஈரம் ஏறியிருக்க வேண்டும்! ஆங்கிலேயன் அடுப்பைப் பார்ப்பதில்லை, வாசலைப் பார்க்கிறான்: 'கீப் தி வுல்ஃப் ஃப்ரம் தி டோர்', வாசலில் நிற்கும் ஓநாயை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது. ஓநாய்தான் பசி. "இந்த ஓவர்டைம் இருக்கறதால அடுப்பு எரியுது" என்று நாம் சொல்லும் இடத்தில் அதைப் போடலாம்.

அக்கம்பக்கத்துத் தொடர்கள்

'மேக் எண்ட்ஸ் மீட்' என்பதற்குப் பல அகராதிகள் 'முடிவுகளைச் சந்திக்க வைத்தல்' என்ற மட்டில் பொருள் எழுதி நம்மைத் தவிக்க விடுகின்றன. வரவு ஒரு நுனி, செலவு ஒரு நுனி. இரண்டையும் இழுத்துப் பிடித்து முட்ட வைப்பது. இழுத்தும் முட்டவில்லை என்றால் 'கேனாட் மேக் எண்ட்ஸ் மீட்'. நம் பேச்சில், கைக்கும் வாய்க்கும் பற்றவில்லை. எதிர்மறையில்தான் இதை அதிகம் கேட்பீர்கள். சமாளித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லவும் ஆகும்.

'டைட்டன் யுவர் பெல்ட்' கொஞ்சம் ஏமாற்றும். நாம் 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி' என்கிறோம். மலாயில் 'இகாட் பெருட்', வயிற்றைக் கட்டுதல். மூன்றும் வயிற்றைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஆனால் இடைவாரை இறுக்க முதலில் இடைவார் இருக்க வேண்டும், அதற்குள் கொஞ்சம் தொப்பையும் இருந்திருக்க வேண்டும். முன்பு இருந்தது, இப்போது குறைத்துக்கொள்கிறோம், நிலைமை சரியானதும் தளர்த்துவோம் என்ற மூன்று செய்தியும் அதற்குள் அடக்கம். நம் 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி'யில் இன்னொன்றும் உண்டு: ஒரு நோக்கம். அப்படித்தான் பிள்ளையைப் படிக்க வைத்தாள், அப்படித்தான் வீடு வாங்கினார்கள். எந்த நோக்கமும் இல்லாமல் வாயைக் கட்டுவதை நாம் பட்டினி என்றுதான் சொல்வோம். 2008 ஜூன் மாதம் ஒரே இரவில் பெட்ரோல் லிட்டருக்கு 1.92 வெள்ளியிலிருந்து 2.70க்கு ஏறியது. அந்த மாதிரி நேரங்களில் சிக்கனமாக இருங்கள் என்ற அறிவுரை எப்போதும் மேலேயிருந்துதான் இறங்கும். ஏற்கெனவே கடைசித் துளையில் இடைவாரை மாட்டியிருப்பவரிடம் இந்தத் தொடரைச் சொல்லாதீர்கள். உங்களைப் பற்றியே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் இது தப்பில்லாமல் போகும்.

எனக்குப் பிடித்தது 'கோ விதவுட்'. இரண்டே சொல், இல்லாமல் இருப்பது. எது இல்லாமல் என்று சொல்ல வேண்டியதே இல்லை. 'ஷி வெண்ட் விதவுட்' என்று வாக்கியம் முடிந்தால் கேட்பவருக்குப் புரியும்: பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு அவள் சாப்பிடவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று, சாக்கை உடுத்தி வாழ்ந்ததைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன்பின் அவசரகாலம். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் ஜொகூர் முழுக்க மக்களை முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களையும் வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள்; சோறு எடுத்துப் போகத் தடை. பட்டினி போட நினைத்தது ஒருவனை, வெறும் வயிற்றோடு மரம் வெட்டியது இன்னொருவன். தாத்தாவைப் பற்றி எழுதுகிறீர்களா? 'தே வெண்ட் விதவுட்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உரிச்சொல் அடுக்க வேண்டாம்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஹேண்ட் டு மவுத் வாழ்க்கை பேச்சில் வந்தால் கடனும் பின்னாலேயே வரும். ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கட்டுவதை ஆங்கிலத்தில் பீட்டரிடம் பறித்துப் பாலுக்குக் கொடுப்பது என்பார்கள். மலாயில் 'காலி லோபாங், தூத்துப் லோபாங்', ஒரு குழியைத் தோண்டி இன்னொரு குழியை மூடுவது. இந்த விஷயத்தில் மலாயை மிஞ்ச ஆளில்லை என்பேன். வட்டிக்காரனைச் சொல்லும்போது மூன்று மொழியும் மூன்று பிராணிகளைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் சுறா. நம் மலேசியத் தமிழ்ப் பத்திரிகையில் வட்டி முதலை. மலாயில் 'லிந்தா டாராட்', தரையில் திரியும் அட்டை. கடிப்பது ஒன்று, விழுங்குவது ஒன்று, வலிக்காமல் உறிஞ்சுவது ஒன்று. மொழிபெயர்க்கும்போது பிராணியை மாற்ற மறந்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் 'லோன் கிராக்கடைல்' என்று எழுதினால் சிரிப்பார்கள். மலாயில் வட்டிக்குக் கொடுப்பவருக்குச் 'செட்டி' என்றே பெயர். நம் செட்டியார்கள் விட்டுப்போன சொல்.

எங்கே எழுதலாம், எங்கே கூடாது

உதவி கேட்கும் பாரத்தில் இந்தத் தொடரை எழுதாதீர்கள். இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தாயார், மகனின் கல்லூரிக் கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு எழுதிய ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். முதல் பத்தி முழுக்க மரபுத்தொடர்: கைக்கும் வாய்க்கும் வாழ்கிறோம், ஓநாய் வாசலில் நிற்கிறது, நுனிகள் முட்டவில்லை. "நல்ல இங்கிலீஷா இருக்கணும்னு போட்டேன் தம்பி" என்றார். மொழியில் குற்றமே இல்லை. ஆனால் அதைப் படிக்கும் அதிகாரிக்குத் தேவைப்படும் ஒரு தகவல்கூட அதில் இல்லை. வீட்டில் எத்தனை பேர், சம்பாதிப்பது எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, இப்போது எவ்வளவு கட்ட முடியும், மீதி எந்தத் தேதிக்குள். இந்த ஆறையும் ஆறு வரியில் எழுதினோம். ஓநாயை வெளியே அனுப்பிவிட்டோம்.

பேச்சில், கட்டுரையில், நேர்காணலில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வேலை நேர்காணலில் 'என் குடும்பம் அப்படி வாழ்ந்தது. பதினைந்து வயதில் நான் பாசார் மாலாமில் கடை போட்டேன்' என்று சொல்வதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. தொழிலிலும் இது புழங்கும். சரக்கை இருப்பு வைக்காமல் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கிப் போடுவதற்கு 'ஹேண்ட்-டு-மவுத் பையிங்' என்று வணிகத்தில் பெயர். விடியற்காலையில் தேங்காய்ப்பாலும் பண்டான் இலையும் வாங்கி, பத்து மணிக்குள் நாசி லெமாக் விற்றுத் தீர்க்கும் அக்கா செய்வது அதுதான். அவருக்கு அது வறுமை இல்லை, கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். 2021 ஜூன் மாதம் கோவிட் தொற்றால் முழு நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வேலைகள் நின்றபோது, மாதக் கடைசியில் வெள்ளைக்கொடி இயக்கம் பரவியது. 'பெண்டேரா பூத்தே' என்றார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும். அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டுவந்து வைப்பார்கள். ஆங்கிலத்தில் வெள்ளைக்கொடி காட்டுவது என்றால் தோற்றேன் என்று சரணடைவது. அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு இது தோல்வி மனப்பான்மை என்று சில அரசியல்வாதிகள் பேசினார்கள். கொடி கட்டியவர்கள் யாரிடமும் சரணடையவில்லை. வாய் திறந்து கேட்கக் கூசியதால் துணியைப் பேசவிட்டார்கள். ஒரு மரபுத்தொடரின் பழைய பொருளை அது புதிதாக நிற்கும் இடத்தில் திணித்தால் இப்படித்தான் ஆகும்.

மரியாதையும் இதில் அடங்கும். 'நாங்கள் அப்படி வாழ்ந்தோம்' என்று தன்னைச் சேர்த்துச் சொல்லலாம். 'அவர்கள் அப்படி வாழ்கிறார்கள்' என்று முன்பின் தெரியாத கூட்டத்தைப் பொதுவாகவும் சொல்லலாம். 'நீங்கள் ஹேண்ட் டு மவுத்தில் வாழ்கிறீர்கள்' என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. தமிழில் ஒருவரைப் பார்த்து அன்றாடங்காய்ச்சி என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அந்த மாணவி தேர்வுக்கு முன் எழுதிய கட்டுரையில் இந்தத் தொடர் மறுபடியும் வந்தது. இம்முறை பொருள் சரி. 'மை ஃபாதர் லிவ்ஸ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்' என்று எழுதியிருந்தாள். இலக்கணமும் சரி. "அப்பா மட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரப்பரை எடுத்து அழித்து 'வி லிவ்' என்று மாற்றினாள். வெளியே மோட்டார் சத்தம் கேட்டது. பையை மாட்டிக்கொண்டே, "சார், இந்த மூணு சொல்லுக்கும் நடுவுல சின்னக் கோடு போடணுமா, வேண்டாமா?" என்றாள்.

வினையோடு வரும்போது வேண்டாம்: வி லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத். பெயருக்கு முன்னால் வரும்போது 'ஃப்ரம்' விழுந்துவிடும், கோடு வேண்டும்: எ ஹேண்ட்-டு-மவுத் லைஃப். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் கையும் வாயும் ஒருமையிலேயே நிற்கும். 'ஹேண்ட்ஸ் டு மவுத்ஸ்' என்று எழுதாதீர்கள்.